பனியைக் காட்டுவது நிழல்: டயோரமா (சிறு மாதிரிக் காட்சி) படப்பிடிப்பு கேள்வி-பதில்

கேள்வி: பனியில் ஆக்‌ஷன் ஃபிகரை (மூட்டுகளைத் திருப்பக்கூடிய பொம்மை உருவத்தை) வைத்துப் படம் எடுத்தால் பனி முழுவதும் சாம்பல் நிறமாக விழுகிறது. கேமராவில் கோளாறா?

கோளாறு இல்லை. எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்குவதுதான் ஒளிமானியின் வேலை. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு ஒளி). ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் ஒளியளவு வரைபடம்) வலது சுவரில் மோதினால் சற்றுக் குறையுங்கள்.

கேள்வி: சமையல் சோடா, உப்பு, சர்க்கரை, மைதா. செயற்கைப் பனிக்கு எது நல்லது?

ஒரு நாள் படப்பிடிப்புக்குச் சமையல் சோடா போதும். நிரந்தர டயோரமாவில் வேண்டாம். வெள்ளைப் பசையோடு கலந்து வைத்தால் நாளடைவில் மஞ்சளிக்கும். உப்பு ஈரத்தை இழுத்து மூட்டுகளில் உள்ள உலோக ஆணிகளைத் துருப்பிடிக்க வைக்கும். சர்க்கரையின் குறை அளவு விகிதம். நிஜத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கான 1/12 உருவத்தின் காலடியில் 1 மில்லிமீட்டர் பரல், நம் காலடியில் ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கூழாங்கல்லுக்குச் சமம். அது பனியாகத் தெரியாது, சரளையாகத்தான் தெரியும். மைதாவில் பூச்சி வரும். நீடித்து நிற்க வேண்டுமென்றால் மாதிரி வடிவக் கலைஞர்கள் பயன்படுத்தும் நுண்கண்ணாடி உருண்டைத் தூள் வாங்குங்கள். அதைத் தூவும்போது முகக்கவசம் கட்டாயம். நுரையீரலுக்குள் போன கண்ணாடித் தூளைத் திரும்ப எடுக்க முடியாது.

கேள்வி: என் படங்கள் நன்றாக வரவில்லை. என்ன செய்யலாம்?

படத்தை அனுப்பவில்லை. உருவத்தின் அளவு, விளக்கு, லென்ஸ் எதையும் சொல்லவில்லை. இதற்கு நான் எப்படிப் பதில் எழுதுவது? விவரங்களோடு மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: பனித்தரை தட்டையாக, காகிதம் விரித்ததுபோல் இருக்கிறது. கேமராவின் மேலேயே ஃபிளாஷ் வைத்துப் பார்த்தேன், கணினியில் வெள்ளையையும் கூட்டினேன். இன்னும் வெண்மையாக்க வழி உண்டா?

இதே கேள்வி பல வடிவங்களில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. எல்லோரும் வெண்மையையே கேட்கிறார்கள். வெண்மை உங்களிடம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. நிழல்தான் இல்லை.

பனி தன்மேல் விழும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கும் பொருள். ஒளி கேமராவின் பக்கமிருந்தே போனால் பரலுக்கும் பரலுக்கும் இடையிலுள்ள பள்ளம், காற்று வரைந்த மேடு, காலடித் தடம் எல்லாம் ஒரே வெளுப்பில் கரைந்துவிடும். அதன்மேல் கணினியில் வெள்ளையைக் கூட்டுவது, மிச்சமிருந்த விவரத்தையும் அழிப்பது. பனியைப் பனியாகக் காட்டுவது அந்தச் சின்னச் சின்ன நிழல்கள்தான்.

ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றுங்கள். ஒரே ஒரு விளக்கை உருவத்துக்குப் பின்புறம், பக்கவாட்டில், தரையை ஒட்டித் தாழ்வாக வையுங்கள். பனியில் ஒரு பென்சிலை நட்டுப் பாருங்கள். அதன் நிழல் பென்சிலைப்போல மூன்று மடங்கு நீளம் விழுந்தால் விளக்கு சரியான உயரத்தில் இருக்கிறது. வெளியில் எடுப்பவர்களுக்குச் சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரமும் மறையும் முன் கடைசி ஒரு மணி நேரமும் இதேபோலத் தாழ்வான ஒளியைக் கொடுக்கும். உருவத்தின் முகம் இருட்டாகிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். பனித்தரையே கீழிருந்து ஒளியைத் திருப்பியனுப்பும்.

தடங்களையும் மறக்காதீர்கள். பிளாஸ்டிக் உருவத்துக்குப் பனியை அழுத்தும் எடை கிடையாது. மேலே நின்றுகொண்டிருக்கும் வீரன் வானத்திலிருந்து இறங்கியவன்போல் தெரிவான். உருவத்தின் பாதத்தையே கையால் அழுத்தி, வந்த வழியைப் பதித்துவிட்டு, கடைசித் தடத்தில் அவனைக் கணுக்கால்வரை புதைத்து நிறுத்துங்கள். பக்கவாட்டு ஒளியில் ஒவ்வொரு தடமும் ஒரு நிழல் கிண்ணமாக நிற்கும். இந்த ஒரு காட்சிக்காகவே நான் குளிரில் வயிற்றின்மேல் படுத்துக் கிடக்கிறேன்.

கேள்வி: நிழலில் எடுத்த பனி நீலமாக இருக்கிறது.

நீல வானத்தின் ஒளி அது. கேமராவின் நிறச் சமன் அமைப்பான ஒயிட் பேலன்ஸை 7000 கெல்வின் பக்கம் ஏற்றுங்கள். முழுக்கத் துடைத்துவிடாதீர்கள், குளிர் தெரிவதற்குக் கொஞ்சம் நீலம் வேண்டும்.

கேள்வி: உண்மையான பனிப்பொழிவில் எடுத்தேன். செதில்கள் உருவத்தின் தலையளவு தெரிகின்றன.

தெரியத்தான் செய்யும். உறைநிலையை ஒட்டிய நாள்களில் படிகங்கள் ஒட்டிக்கொண்டு பெரிய செதில்களாக விழும். கடுங்குளிர் நாளின் பொடிப்பனிக்குக் காத்திருங்கள். பின்னொளி வேண்டும், ஷட்டர் 1/250 பக்கம் இருக்கட்டும். இங்கும் சொல்கிறேன், கேமராவின் மேல் ஃபிளாஷ் வேண்டாம். லென்ஸுக்கு அருகிலுள்ள செதில்கள் வெள்ளைத் திட்டுகளாகப் படத்தை மறைக்கும்.

கேள்வி: வெளியில் வைத்து உருவத்தின் முழங்கையைத் திருப்பியபோது மூட்டிலுள்ள பிளாஸ்டிக் ஆணி முறிந்துவிட்டது.

குளிரில் பிளாஸ்டிக் இறுகி நொறுங்கும் தன்மை பெறும். வீட்டுக்குள்ளேயே நிலையை அமைத்துவிட்டு வெளியே கொண்டுபோங்கள். மாற்றியே ஆகவேண்டுமென்றால் சட்டைக்குள் சில நிமிடம் வைத்துச் சூடாக்கிய பிறகு திருப்புங்கள். கேமராவின் மாற்று பேட்டரியும் அதேபோல் சட்டைக்குள் இருக்கட்டும்.

கேள்வி: உருவம் துல்லியம், பின்னாலுள்ள பனிமலை மங்கல். பொம்மை என்று காட்டிக்கொடுக்கிறது.

லென்ஸின் துளையை எஃப்/11 வரை மூடுங்கள். போதாவிட்டால் குவியத்தை நகர்த்திப் பல படங்கள் எடுத்து இணையுங்கள். பனி விழும்போது மட்டும் இணைப்பது பலிக்காது. கேமரா உருவத்தின் கண்மட்டத்துக்கு இறங்கியாக வேண்டும்.

கேள்வி: படப்பிடிப்பு முடிந்து உள்ளே வந்ததும் லென்ஸ் முழுவதும் நீர் கோத்துக்கொள்கிறது.

கதவைத் திறக்குமுன், வெளியிலேயே, கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடுங்கள். உள்ளே வந்து 1 முதல் 2 மணி நேரம் பையைத் திறக்காதீர்கள். படம் பார்க்கும் ஆவல் இருந்தால், மெமரி கார்டை வெளியிலேயே கழற்றிக்கொள்ளுங்கள்.