குத்தகைப் பத்திரம் மட்டும் போதாது

வணக்கம் ஐயா. மரபணு மாற்றப் பருத்தி சோதனைக்கு முக்கால் ஏக்கர் கேட்கிறார்கள், குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்து போட்டால் போதும் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். போதாது ஐயா, தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

மரபணு மாற்ற உயிரிகளுக்கான மத்திய அரசின் 1989 விதிகளின்படி, இத்தகைய சோதனைகளுக்கு டெல்லியில் உள்ள மத்திய அரசின் அனுமதிக் குழுவின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அதோடு மாநில அரசின் தடையில்லாச் சான்றும் வேண்டும். இரண்டின் நகலையும் கேளுங்கள். அனுமதிக் கடிதத்தில் எந்தப் பயிர், எந்தப் பருவம், எந்த இடம் என்று இருக்கும். அதில் உங்கள் ஊர் இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். முதல் கட்டச் சோதனை என்றால் ஓர் இடத்தில் ஒரு ஏக்கருக்கு மேல் கூடாது, இரண்டாம் கட்டத்தில் இரண்டரை ஏக்கர்.

அப்புறம், எனக்கு முக்கியமாகப் படுவது அறுவடைதான். ஒரு பஞ்சுச் சுளைகூட வயலைவிட்டு வியாபாரிக்குப் போகக்கூடாது. மிஞ்சிய விதை, செடி, வேர் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். அடுத்த மழைக்கு அங்கே தானாக முளைக்கும் கன்றுகளையும் தேடிப் பிடுங்க வேண்டும். அதை யார் செய்வார்கள், அதுவரை நிலம் சும்மா கிடந்தால் யார் பணம் தருவார்கள்? பத்திரத்தில் எழுதி வாங்குங்கள்.

பக்கத்தில் பருத்தி போட்டிருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சோதனை வயலுக்கும் மற்ற பருத்தி வயல்களுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி தூரம் அவர்களையும் பாதிக்கும். சந்தேகம் இருந்தால் கலெக்டரிடம் மனு கொடுங்கள். இந்தச் சோதனைகளைக் கண்காணிக்கும் மாவட்டக் குழுவுக்கு அவர்தான் தலைவர்.