மூச்சுமுட்டிச் செத்ததாக எழுதியது யார்?

(பழைய கணக்கு, பழைய காகிதம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குச் சித்தூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ரிக்கார்டு கீப்பர் பதில் சொல்கிறார்)

கேள்வி: ஐயா, என் மகள் அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தில் இருக்கிறாள். அங்கே ஒரு நூலகத்தில் 1850-ம் வருஷத்துச் சாவுப் பட்டியலைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். அடிமைக் குழந்தைகளின் பெயருக்கு நேரே ‘மூச்சுமுட்டிச் செத்தது’ என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறதாம். தாய் தூக்கத்தில் புரண்டு குழந்தையை நசுக்கிவிட்டாள் என்று அர்த்தமாம். அத்தனை தாய்களுமா அப்படிச் செய்வார்கள்? இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. (வாசகி, புத்தூர்)

பதில்: அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாய்மார் மேல் பழி போடாதீர்கள்.

அந்தப் பட்டியல் எப்படி எழுதப்பட்டது என்று பாருங்கள். அமெரிக்காவில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கு எடுப்பார்கள். 1850, 1860, 1870, 1880 ஆகிய நான்கு முறை அதோடு சேர்த்துச் சாவுக் கணக்கும் எடுத்தார்கள். ஜூன் 1-ம் தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் வீட்டில் யார் யார் செத்தார்கள் என்று கேட்டு எழுதுவார்கள். பெயர், வயது, நிறம், அடிமையா இல்லையா, எந்த மாதம், என்ன காரணம், எத்தனை நாள் நோயாகக் கிடந்தார் என்று கட்டம் கட்டமாக இருக்கும். டாக்டர் சீட்டெல்லாம் கேட்கவில்லை. கணக்கெடுக்க வந்தவர் கேட்டார், பண்ணை முதலாளியோ அவருடைய ஆளோ சொன்னார். பெற்றவளை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. குழந்தை ஜனவரியில் செத்திருக்கும், கேள்வி ஜூனில் வந்திருக்கும்.

பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பதிவுகளை எடுத்து வைத்து, செத்த குழந்தைகளின் வயதையும் மாதத்தையும் பார்த்தார்கள். பெரும்பாலும் சில மாதக் கைக்குழந்தைகள், குளிர்காலத்தில் அதிகம். ஆரோக்கியமாகத் தெரிந்த சிசு தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோகிறதே, அந்த மரணத்தின் சாயல் இதில் அப்படியே இருக்கிறது. வெள்ளைக்காரர் வீடுகளைவிட அடிமைக் குடிசைகளில் இது மிக அதிகம். காரணம், வயிற்றுப்பிள்ளைக்காரியையும் பருத்திக் காட்டில் வேலை வாங்கினார்கள், வயிறாரச் சாப்பாடும் கிடையாது, பிள்ளை எடை குறைந்து பிறந்தது. காரணம் எழுதும் கட்டத்தில் அந்தப் பருத்திக் காட்டைத்தான் எழுதியிருக்க வேண்டும். முதலாளி சொன்னதை எழுதியதால் தாய் புரண்டு நசுக்கினாள் என்ற பழி அங்கே ஏறிவிட்டது.

முப்பத்தொரு வருஷம் ரிக்கார்டு ரூமில் இருந்தவன் நான். எந்தச் சாவுக் கணக்கை எடுத்தாலும் யார் சொன்னது, யார் எழுதியது, எத்தனை நாள் கழித்து எழுதியது என்றுதான் முதலில் பார்ப்பேன். நம் பக்கத்துப் பழைய கிராமக் கணக்குகளில் ஒரு பக்கம் முழுக்க ‘ஜுரம், ஜுரம், ஜுரம்’ என்று ஒரே கை, ஒரே மசியில் இருக்கும். மாசக் கடைசியில் ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதியது அது. உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அந்தக் குழந்தைகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். அதே 1850-ல் அடிமைகளைத் தனியாகக் கணக்கெடுத்தார்களே, அதில் உயிரோடு இருந்தவர்களுக்குப் பெயரே எழுதவில்லை, முதலாளி பெயருக்குக் கீழே வயதும் நிறமும்தான். பல குழந்தைகளின் பெயர் காகிதத்தில் ஏறியது இந்தச் சாவுப் பட்டியலில் மட்டும்தான்.

கேள்வி: அமெரிக்கத் தென்பகுதியில் அடிமையை அடித்துக் கொன்றால் விசாரணையே கிடையாதா? அங்கே மரணச் சான்றிதழ் எப்போது வந்தது? (கல்லூரி மாணவர், நகரி)

பதில்: விசாரணை இருந்தது, தம்பி. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

ஒவ்வொரு கவுண்டியிலும், அதாவது நம் தாலுகா, ஜில்லா மாதிரி ஒரு பிரிவிலும், கொரோனர் என்று ஓர் அதிகாரி உண்டு. சந்தேகமான சாவு என்றால் அவர் ஊர்க்காரர்களில் சிலரை ஜூரியாகச் சேர்த்துக்கொண்டு, பிணத்தைப் பார்த்து, சாட்சி கேட்டு, தீர்ப்பு எழுதுவார். தென் கரோலினாவில் எட்ஜ்ஃபீல்ட் கவுண்டி போன்ற இடங்களில் அந்தக் காகிதங்கள் நிறைய மிஞ்சியிருக்கின்றன. 1740-ம் ஆண்டுச் சட்டப்படி அங்கே அடிமையைக் கொன்றவனுக்கு அபராதம்தான். 1821-ல்தான் வேண்டுமென்றே கொன்றால் மரண தண்டனை என்று மாற்றினார்கள். ஆனால் வெள்ளைக்காரருக்கு எதிராக அடிமை சாட்சி சொல்ல முடியாது என்ற விதி அப்படியே இருந்தது. காட்டில் கங்காணி அடிக்கிறான், பார்த்தவர்கள் இருபது பேர், இருபது பேரும் அடிமைகள். சட்டத்தின் கண்ணில் அங்கே சாட்சியே இல்லை. அப்புறம் ஜூரி என்ன எழுதும்? பல காகிதங்களில் ‘கடவுள் செயலால் மரணம்’ என்று இருக்கும். நம் ஊரில் தெய்வச் செயல் என்போமே, அதே வார்த்தைதான் அங்கே சட்ட வாசகம்.

உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்து அடிமை முறை போனது. விடுதலையானவர்களுக்காக அரசு அமைத்த அலுவலகத்தின் அதிகாரிகள், கொலையுண்டவர் பெயர், கொன்றவன் பெயர், நடந்த இடம், என்ன நடவடிக்கை என்றெல்லாம் பட்டியல் எழுதினார்கள். முதல்முறையாகப் பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் வாயால் சொல்லி எழுதிய காகிதம் அது. சில வருஷம் கறுப்பினத்தவர் ஜூரியிலும் உட்கார்ந்தார்கள். அந்தக் காலம் முடிந்ததும் கும்பல் கொலைகள் பெருகின. ஊரே பார்க்கக் கொன்றுவிட்டு, ‘இன்னார் என்று தெரியாத ஆட்களால் மரணம்’ என்று தீர்ப்பு எழுதினார்கள்.

இந்தக் கணக்கை ஆபீஸ்காரர்கள் எடுக்கவில்லை, வெளியில் இருந்தவர்கள்தான் எடுத்தார்கள். ரெட்ஃபீல்ட் என்ற பத்திரிகையாளர் 1880-ல் தென்பகுதிக் கொலைகளை எண்ணிப் பார்க்கப் பத்திரிகைச் செய்திகளைத்தான் நம்ப வேண்டியிருந்தது. மெம்பிஸ் நகரில் 1892-ல் மளிகைக் கடை வைத்திருந்த மூன்று கறுப்பினத்தவர்களைக் கும்பல் கொன்றது. அவர்களில் ஒருவர் ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பினப் பெண் பத்திரிகையாளருக்கு நெருங்கிய நண்பர். அதற்குப் பிறகு அந்த அம்மா ஊர் ஊராக விசாரித்துப் பெயர், தேதி, சொல்லப்பட்ட காரணம் என்று அச்சிட்டார். அவருடைய பத்திரிகை ஆபீஸை உடைத்தார்கள், அவர் நிறுத்தவில்லை. அலபாமா மாநிலத்து டஸ்கீகி கல்வி நிலையம் 1882 முதல் 1968 வரைக்கும் திரட்டிய கணக்கில் கும்பல் கொலையில் செத்தவர்கள் 4,743 பேர், அதில் 3,446 பேர் கறுப்பினத்தவர்கள். 2018-ல் அதே மாநிலத்து மாண்ட்கோமரியில், கும்பல் கொலையில் செத்தவர்களுக்காகத் திறந்த நினைவிடத்தில் கவுண்டிக்கு ஒன்றாக 800-க்கு மேல் இரும்புத் தூண்கள் தொங்குகின்றன. பெயர் கிடைக்காதவருக்கு ‘தெரியவில்லை’ என்றே பொறித்திருக்கிறார்கள்.

சான்றிதழ் கேட்டீர்களே. மாநிலம் முழுக்கக் கட்டாயமாக வந்தது தென் கரோலினாவில் 1915-ல், ஜார்ஜியாவில் 1919-ல்.

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணனை வரப்புத் தகராறில் வெட்டிவிட்டார்கள் என்று பாட்டி சொல்வார். தாது வருஷப் பஞ்சத்துக்குச் சில வருஷம் பிறகாம். எந்த ஆபீஸில் தேடுவது? (விவசாயி, குப்பம்)

பதில்: சித்தூர் ஜில்லா 1911-ல்தான் பிறந்தது. நீங்கள் சொல்லும் 1880-களில் குப்பம் வட ஆற்காடு ஜில்லாவில், கங்குந்தி ஜமீனில் இருந்தது. அதனால் சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் வட ஆற்காடு ஜில்லாக் காகிதங்களைக் கேளுங்கள். வெட்டியவனுக்குத் தூக்கு விதித்திருந்தால், அதை உறுதி செய்யச் சென்னை ஹைகோர்ட்டுக்கு வழக்கு போயிருக்கும், அங்கே ஒரு தடம் இருக்கலாம். சாவுக் கணக்கை மட்டும் நம்பி அலையாதீர்கள். அந்தக் காலக் கிராமக் கணக்கில் காலரா, அம்மை, ஜுரம், பேதி, காயம் என்று சில தலைப்புகள்தான். வெட்டுப்பட்டவரும் கூரையிலிருந்து விழுந்தவரும் ஒரே ‘காயம்’ தலைப்பில் இருப்பார்கள். நிலம் யார் பெயருக்கு எப்போது மாறியது என்று பாருங்கள். தகராறு வரப்பில் என்றால் பதில் பெரும்பாலும் வரப்புக் காகிதத்தில்தான் இருக்கும்.

பாட்டி சொன்னதைத் தேதி போட்டு இன்றே எழுதி வையுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் நைனா புத்தூர் பக்கம் கிராம முன்சீப். 1984-ல் ஆந்திராவில் முன்சீப், கர்ணம் வேலைகளை எடுத்துவிட்டார்கள். அதுவரை ஊரின் பிறப்பு இறப்பெல்லாம் அவர் கையெழுத்துதான். எனக்கு ஒரு அத்தை, பத்தொன்பது வயதில் புருஷன் வீட்டுக் கிணற்றில் இறந்தாள். அதே ஊரில்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நைனா தெலுங்கில் ‘காலு ஜாரி பாவிலோ படி’ என்று எழுதினார், கால் வழுக்கிக் கிணற்றில் விழுந்து என்று. கூடப் பிறந்தவளின் சாவை அவரே எழுதினார். முந்தின வாரம் கன்னம் வீங்க அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததும், சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பியதும் அவருக்குத் தெரியும். ரிட்டையர் ஆன பிறகு ஒரு ராத்திரி என்னிடம் சொன்னார். “நான் எழுதினது பொய்டா” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அந்தக் கணக்குப் புத்தகத்தை நான் திருத்தவில்லை, திருத்தவும் முடியாது. அவர் சொன்னதை அன்றைய தேதியோடு தனிக் காகிதத்தில் எழுதி, அத்தை பெயரையும் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன்.