வாசகர் கேள்விகள்: செனட்டர் ராபர்ட் பேர்டின் வாக்குகள்

கேள்வி: அமெரிக்க செனட்டில் அரை நூற்றாண்டுக்கு மேல் உறுப்பினராக இருந்த ராபர்ட் பேர்ட், இளமையில் கு கிளக்ஸ் கிளான் என்ற நிறவெறி அமைப்பைச் சேர்ந்தவர் என்று ஓரிடத்தில் படித்தேன். அவர் இறந்தபோது அந்நாட்டின் முதல் கறுப்பின அதிபரான ஒபாமாவே இரங்கல் உரை ஆற்றினார் என்று இன்னோரிடத்தில் படித்தேன். இரண்டும் ஒரே ஆளைப் பற்றியவைதாமா? அவர் அவையில் அளித்த வாக்குகளிலிருந்து அவரைப் பற்றி என்ன தெரிந்துகொள்ளலாம்? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஒரே ஆள்தான். 1917இல் வட கரோலினாவில் பிறந்தார். மறு ஆண்டு பரவிய கொள்ளைக் காய்ச்சலில் தாயை இழந்ததால், அத்தையும் மாமாவும் தத்தெடுத்து, மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் வளர்த்தார்கள். பெட்ரோல் நிலைய ஊழியராகவும், இறைச்சி வெட்டுபவராகவும், போர்க்காலத்தில் கப்பல் கட்டும் தளத்தில் பற்றவைப்புத் தொழிலாளியாகவும் இருந்தவர், 1940களின் தொடக்கத்தில் கிளானின் உள்ளூர்க் கிளைக்கு ஆள் சேர்த்து அதன் தலைவரும் ஆனார். சிறிது காலத்திலேயே ஆர்வம் போய்விட்டதாக 1952 தேர்தலின்போது சொல்லிக்கொண்டாலும், 1946இல்கூட கிளானின் தலைமைக்கு ஆதரவாகக் கடிதம் எழுதியிருக்கிறார் என்பதால், அந்த விளக்கத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. 1953இல் பிரதிநிதிகள் அவைக்கும், 1959இல் செனட்டுக்கும் சென்றவர், 2010 ஜூனில் 92ஆம் வயதில் இறக்கும்வரை செனட்டை விட்டு வெளியேறவே இல்லை.

செனட்டில் அவர் அளித்த வாக்குகள் 18,689. வேறெந்த செனட்டரும் அதுவரை தொடாத எண்ணிக்கை அது. ஆனால் எண்ணிக்கையைக் கண்டு மலைத்துவிட வேண்டாம். செனட்டில் எழுத்தர் உறுப்பினர்களின் பெயர்களை அகர வரிசையில் உரக்க வாசிக்க, ஒவ்வொருவரும் ஆம் என்றோ இல்லை என்றோ விடை சொல்லும் வாக்கெடுப்பில் பதிவானவை மட்டுமே இந்தக் கணக்கில் வரும். அவற்றிலும் பெரும்பகுதி, விவாதத்தை முடிக்கலாமா, திருத்தத்தை ஒத்திப்போடலாமா, ஒரு நியமனத்தை ஏற்கலாமா என்பன போன்ற நடைமுறை வாக்குகள். ஓர் உறுப்பினரை எடைபோட வேண்டுமானால், அவர் மறுபக்கம் போயிருக்க முடியும் என்ற நிலையில் எப்படி வாக்களித்தார் என்று பார்க்க வேண்டும். பேர்டின் வரிசையில் அப்படிப்பட்டவை ஏராளமாகக் கிடைக்கின்றன.

முதலில் வருவது 1964. பொது இடங்களிலும் வேலைவாய்ப்பிலும் நிறப் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைச் சட்டத்தை, அவரது சொந்தக் கட்சியான ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த அதிபர் ஜான்சனே முன்னின்று கொண்டுவந்தார். அதை எதிர்த்த தென்மாநில உறுப்பினர்கள் முறைவைத்துப் பேசிப் பேசியே பொழுதைக் கழித்து மசோதாவை முடக்கப் பார்த்தார்கள். ஜூன் 9ஆம் தேதி மாலை எழுந்த பேர்ட், மறுநாள் காலைவரை 14 மணி 13 நிமிடம் நின்றுகொண்டே பேசினார். அவர் அமர்ந்த சிறிது நேரத்திலேயே விவாதத்தை முடிப்பதற்கான வாக்கெடுப்பு 71க்கு 29 என்ற கணக்கில் வென்றது, தேவைப்பட்டதோ 67. பத்து நாளில் சட்டமும் 73க்கு 27 என்று நிறைவேறியது. இரண்டிலும் பேர்டின் வாக்கு 'இல்லை'. மறு ஆண்டு வாக்குரிமைச் சட்டத்துக்கும் 'இல்லை' என்றார். 1967இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாகத் தர்குட் மார்ஷல் 69க்கு 11 என்று ஏற்கப்பட்டபோது, அந்தப் பதினொருவரில் இவரும் ஒருவர்.

அதே மனிதர் 1968இல் வீட்டு வசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். 1983இல் மார்ட்டின் லூதர் கிங்கின் பிறந்த நாளைத் தேசிய விடுமுறையாக்கும் மசோதாவுக்கு 'ஆம்' சொன்ன 78 பேரில் இருந்தார். 1991இல் இன்னொரு கறுப்பின நீதிபதியான கிளாரன்ஸ் தாமஸின் நியமனம் வந்தபோது எதிர்த்தார் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, பழைய குணம் போகவில்லை என்று முடிவுகட்டுவோரும் உண்டு. ஆனால் அந்த வாக்குக்கு அவர் சொன்ன காரணம் வேறு. தாமஸ் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகச் சாட்சியம் அளித்த அனிதா ஹில்லும் கறுப்பினப் பெண்மணிதான். அவர் சொல்வதைத்தான் தாம் நம்புவதாகப் பேர்ட் அவையில் வெளிப்படையாகப் பேசினார். வாக்குப் பதிவேட்டில் காரணத்துக்கு இடமில்லை என்பதால், அவை நடவடிக்கைக் குறிப்பையும் சேர்த்து வாசிக்க வேண்டியிருக்கிறது.

மாற்றம் மெய்யானதா, தேர்தல் கணக்கா என்று நீங்கள் அடுத்துக் கேட்கக்கூடும். கறுப்பின மக்கள் மிகக் குறைவாக வாழும் மேற்கு வர்ஜீனியாவில், மனம் மாறியதாகக் காட்டிக்கொள்ளாமலே அவர் வென்றுகொண்டிருக்கலாம் என்பதால், மெய்யானது என்ற பக்கமே சாய்கிறேன். கட்சித் தலைமைக்கு வர விரும்பியவருக்குத் தென்மாநிலச் சாயம் தடையாக இருந்திருக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. 2001இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் இழிசொல் ஒன்று அவர் வாயில் வந்தது. அதற்கும் மன்னிப்புக் கேட்டார். கிளானில் சேர்ந்ததற்காக ஆயிரம் முறை மன்னிப்புக் கேட்டுவிட்டதாகவும் இன்னும் கேட்கத் தயங்கமாட்டேன் என்றும் 2005இல் சொன்னார். 2008இல் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க தம் மாநிலத்தில் நடந்த முன்தேர்தலில் ஹிலாரி கிளின்டன் பெருவெற்றி பெற்ற சில நாள்களிலேயே, பேர்ட் ஒபாமாவை ஆதரித்து அறிக்கை வெளியிட்டார். 2010 ஜூலையில் சார்ல்ஸ்டன் நகரில் ஒபாமா இரங்கல் உரை ஆற்றிய பின்னணி இது.

கேள்வி: தம் மாநிலத்துக்கு அரசுப் பணத்தை அள்ளிக் கொண்டுபோனவர் என்ற குறையும் அவர்மேல் உண்டே? (திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உண்டு, அவர் அதைக் குறையாகவே கருதவில்லை. 1989இல் நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவரானதும், மேற்கு வர்ஜீனியாவுக்கு 100 கோடி டாலர் கொண்டுவருவேன் என்று அறிவித்தே செய்தார். எஃப்.பி.ஐ.யின் கைரேகைப் பிரிவு தலைநகரிலிருந்து அம்மாநிலத்தின் கிளார்க்ஸ்பர்க் நகருக்கு இடம்பெயர்ந்தது அவரது முயற்சியால்தான். சாலைகள் முதல் கிரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கிவரை அவர் பெயர் தாங்கியவற்றைக் கணக்கெடுத்தால் பக்கம் போதாது. நிலக்கரி என்று வந்துவிட்டால் கட்சியையும் பார்க்க மாட்டார். 1990இல் தூய காற்றுச் சட்டத் திருத்தத்தால் வேலை இழக்கும் சுரங்கத் தொழிலாளர்களுக்கு உதவித்தொகை வேண்டும் என்று அவர் கொண்டுவந்த திருத்தம் 49க்கு 50 என்று ஒரே வாக்கில் தோற்றது. அவர் அந்த மசோதாவையே எதிர்த்து வாக்களித்தார். வளரும் நாடுகளைக் கட்டுப்படுத்தாத பருவநிலை ஒப்பந்தத்தில் அமெரிக்கா கையெழுத்திடக் கூடாது என்று 1997இல் அவரும் குடியரசுக் கட்சி செனட்டர் சக் ஹேகலும் கொண்டுவந்த தீர்மானம் 95க்கு 0 என்று நிறைவேறி, கியோட்டோ ஒப்பந்தத்தின் கதவை அமெரிக்காவில் முன்கூட்டியே சாத்திவிட்டது. ஆனால் 2009 டிசம்பரில், மாற்றத்தை எதிர்த்துக்கொண்டே இருந்தால் நிலக்கரித் தொழில் பிழைக்காது என்று தம் மாநிலத்தாருக்கு எழுதியவரும் இவரே. அதை அவர் இருபது ஆண்டுகள் முன்பே எழுதியிருக்கலாம்.

கேள்வி: நம் நாடாளுமன்றத்தில் கொறடாவின் உத்தரவை மீறினால் பதவியே பறிபோகும். பேர்ட் கட்சிக்கு எதிராகவும் வாக்களித்து, கட்சியின் கொறடாவாகவும் எப்படி இருந்தார்? (திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: 1985இல் நம் அரசியல் சட்டத்தில் சேர்ந்த கட்சித் தாவல் தடை போன்ற ஒன்று அங்கே இல்லை. செனட்டில் கொறடாவால் உத்தரவிட முடியாது. யார் எந்தப் பக்கம் என்று தலையெண்ணி, தயங்குபவரிடம் பேசி இணங்கவைப்பதே அவர் வேலை. விதிகளையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த பேர்டுக்கு அது இயல்பாக வந்தது. 1971 ஜனவரியில் கொறடா பதவிக்காக அவர் எட்வர்ட் கென்னடியை எதிர்த்து 31க்கு 24 என்று வென்றார். அதில் ஒரு வாக்கு, மருத்துவமனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த ஜார்ஜியா செனட்டர் ரிச்சர்ட் ரசல் பதிலாள் மூலம் அனுப்பியது. ரசல் இன்னும் உயிரோடிருக்கிறார் என்று உறுதிசெய்துகொண்ட பிறகே பேர்ட் போட்டியிடச் சம்மதித்தார் என்பார்கள். அன்றே ரசல் காலமானார். பின்னர் பேர்ட் இருமுறை பெரும்பான்மைத் தலைவராகவும் இருந்தார்.

பிறரை இணங்கவைத்தவர் தாம் இணங்காத தருணம் 2002 அக்டோபரில் வந்தது. ஈராக்மீது படையெடுக்க அதிபர் புஷ்ஷுக்கு அதிகாரம் அளிக்கும் தீர்மானத்துக்கு, ஜனநாயகக் கட்சியின் செனட்டர்களிலேயே 29 பேர் 'ஆம்' என்றார்கள். கட்சியின் அவைத் தலைவரும் அவர்களில் ஒருவர். எதிர்த்த 23 பேரில் பேர்டின் குரலே உரத்து ஒலித்தது. 1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாத் தீர்மானம் 88க்கு 2 என்று நிறைவேறி வியட்நாம் போருக்கு வழிவிட்டபோது, தாமும் அந்த 88 பேரில் ஒருவராக இருந்து வருந்தியதை அந்த விவாதத்தில் அவர் எடுத்துச் சொன்னார். தம் வாக்குகளிலேயே அதிகம் பெருமைப்படுவது ஈராக் தீர்மானத்தை எதிர்த்த வாக்கைப் பற்றித்தான் என்றும் பிற்பாடு கூறினார். என் கணிப்பில், அவருடைய வாக்குகளில் மிகுந்த மதிப்புக்குரியது அதுவே. தம் பழைய தவற்றைச் சாட்சியாக நிறுத்தி அவர் அளித்த வாக்கு அது.

கென்னடியுடனான பகை நாளடைவில் நெருங்கிய நட்பானது. 2009 ஆகஸ்டில் கென்னடி இறந்தார். அவர் வாழ்நாள் முழுதும் போராடிய மருத்துவக் காப்பீட்டு மசோதா டிசம்பரில் செனட்டுக்கு வந்தபோது, விவாதத்தை முடித்துவைக்க (1975இல் மாற்றப்பட்ட விதிப்படி) 60 வாக்குகள் வேண்டும், ஆதரவாளர்கள் சரியாக 60 பேர், ஒருவர் குறைந்தாலும் மசோதா வீழும் என்ற நிலை. 92 வயதுப் பேர்டைப் பனிக்காலத்தின் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் சக்கர நாற்காலியில் அவைக்கு அழைத்துவந்தார்கள். 24ஆம் தேதி காலை இறுதி வாக்கெடுப்பில் எழுத்தர் பெயரை வாசித்ததும், இது என் நண்பர் டெட் கென்னடிக்காக என்று சொல்லிவிட்டு, அவர் 'ஆம்' என்றார். 60க்கு 39 என்று மசோதா நிறைவேறியது.