ஸ்டூல் இருக்கிறது, உட்கார விடுவதில்லை

கேள்வி: ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் ஏழு வருடமாக வேலை செய்கிறேன். காலை பத்து மணிக்குப் போனால் வீடு திரும்ப ராத்திரி ஒன்பதரை. கவுண்டருக்குப் பின்னால் இரண்டு ஸ்டூல் கிடக்கிறது. கூட்டமில்லாத நேரத்தில் உட்கார்ந்தாலும் சூப்பர்வைசர் முறைக்கிறார். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயம். “மத்தவங்க நிக்கலையா?” என்கிறார் கணவர்.
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: முதலில் காலை டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள். அந்தச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள், பேச்சுவார்த்தைக்கு உதவும்.

அந்த ஸ்டூல் முதலாளியின் தயவு இல்லை, சகோதரி. 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அது. ஆண்களுக்கும் சேர்த்துத்தான்.

கேரளத்தில் இதே உரிமை 2018-லேயே வந்துவிட்டது. அதுவும் சும்மா வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் பெண்களுக்குக் கழிப்பறைகூடக் கிடையாது. தண்ணீர் குடித்தால் அவஸ்தை என்று குடிக்காமலே இருந்தார்கள். தையல் வேலை செய்த விஜி அவர்களைத் திரட்டி ‘பெண்கூட்டு’ என்று ஓர் அமைப்பாக்கினார். கழிப்பறையில் ஆரம்பித்த சண்டைதான் நாற்காலி வரை போனது.

நீங்களும் தனியாகப் போய்க் கேட்காதீர்கள். உங்கள் தளத்தில் கால்வலி இல்லாதவர் யார்? நாலைந்து பேராகச் சேர்ந்து மேனேஜரைப் பாருங்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளிச் சமயம் வேண்டாம். காது கொடுக்க மாட்டார். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கூட்டம் குறையும் நேரத்தில் இரண்டு இரண்டு பேராக முறைபோட்டு உட்காருகிறோம், சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுங்கள் என்று கேளுங்கள். இப்படித் திட்டமாகக் கேட்டால் மறுப்பது கஷ்டம். அப்படியும் மசியாவிட்டால் தொழிலாளர் துறையின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். அதிலும் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

வேலைக்கு ஆபத்தே வராது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஏழு வருட அனுபவத்தில் உங்களையே தேடி வரும் வாடிக்கையாளர்கள் இருப்பார்களே, அது மேனேஜருக்கும் தெரியும்.

கணவர் விஷயம். ஒன்பதரைக்கு வந்து சோறு வடிப்பது யார் என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள்தான் என்றால், இன்று ராத்திரியிலிருந்து அதை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.