பொறியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் ஏழைப் பெண்களுக்கு எந்த உதவி உண்மையில் பயன்படும்?

ஃபீஸைத் தவிர மற்றதற்கெல்லாம் உதவுங்கள் என்பேன்.

ஃபீஸுக்கு ஓரளவு வழி இருக்கிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் இடங்களில் 7.5 சதவீத ஒதுக்கீடு. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். கவுன்சிலிங்கில் சேரும் முதல் பட்டதாரிக்குச் சலுகை உண்டு. தொழில்நுட்பம் படிக்கும் பெண்களுக்கான மத்திய அரசின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கவேண்டும். ஆனால் எங்கள் குமரி மாவட்டத்தில் நிறையப் பிள்ளைகள் படிப்பது அரசு உதவிபெறும் பள்ளிகளில். அவர்களுக்கு அந்த 7.5 கிடையாது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் அவர்களுக்கு 2024-இல்தான், அதுவும் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மட்டும் வந்தது.

நானும் உதவிபெறும் பள்ளிதான். அம்மாவுக்குக் கருங்கல் பக்கம் அண்டியாபீஸில் வேலை (முந்திரி ஆலையை இங்கே அப்படித்தான் சொல்வோம்). கல்விக் கடனுக்கு வங்கிக்குப் போனால் அம்மாவின் பெருவிரலை மெஷின் ஏற்கவே இல்லை. முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டுப்பட்டு ரேகை அழிந்திருந்தது. சாம்பல் தேய்த்துக்கொண்டு உடைத்தாலும் அது விடாது. நான்கு நாள் அலைந்தோம், நான்கு நாள் கூலி போயிற்று. அன்று எங்களோடு வந்து மேனேஜரிடம் பேச விவரம் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் போதும். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அப்புறம் லேப்டாப். முதல் வருஷம் முழுக்க சி புரோகிராமை நோட்டில் எழுதி, லேபில் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் டைப் அடித்தேன். வர வேண்டிய உதவித்தொகை வந்து சேர்ந்தபோது அடுத்த செமஸ்டரே பாதி முடிந்திருந்தது. இரண்டாம் வருஷம் பக்கத்து வீட்டு அக்கா, பெங்களூரில் வேலை பார்ப்பவர், தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்தார். "பேட்டரி செத்துப்போச்சு மக்கா, ஒயரைப் புடுங்கிராதே" என்றார். நான் பிடுங்க வேண்டியதே இல்லை. மழை பிடித்தால் எங்கள் ஊரில் கரண்ட் தானே போகும். போனால் எழுதியது அத்தனையும் போச்சு. இரண்டு வரிக்கு ஒருமுறை சேவ் பண்ணுவேன்.

கடைசி வருஷம் சென்னை இன்டர்வியூவுக்கு ரயில் டிக்கெட் போட்டதும், இரண்டு நாள் தங்க இடம் பார்த்ததும் அதே அக்காதான். அவருக்கு ஆன மொத்தச் செலவு என் ஒரு செமஸ்டர் ஃபீஸுக்கும் குறைவு.

இப்போது ஆபீஸில் தானாகச் சேவ் ஆகிற எடிட்டர்தான். ஆனாலும் இரண்டு வரிக்கு ஒருமுறை விரல் கன்ட்ரோல் எஸ்ஸுக்குப் போய்விடுகிறது. பக்கத்து சீட் பையன் சிரிக்கிறான்.