ஆர்கெஸ்ட்ரா வாசிக்கத் தொடங்கும் முன் ஓபோ மட்டும் முதலில் ஒலிப்பது ஏன்?

மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவில் ஓபோ என்னும் துளைக்கருவி ‘ஏ’ என்ற ஒரே சுரத்தை நீட்டி ஒலிக்க, மற்றக் கருவிகள் அதனோடு தம்மைப் பொருத்திக்கொள்வதே சுருதி சேர்த்தல் ஆகும். பன்னாட்டுத் தரப்படி அச்சுரம் நொடிக்கு 440 அதிர்வுகள் கொண்டது. ஐரோப்பியக் குழுக்கள் பல 442 அல்லது 443 வைத்துக்கொள்கின்றன. இரட்டை நாணல் சீவாளியில் பிறக்கும் ஓபோவின் ஒலி கூர்மையும் உறுதியும் உடையதாதலால், அத்தனை கருவிகளின் இரைச்சலுக்கு நடுவிலும் தெளிவாகக் கேட்கும். சந்தையிலுள்ள தராசுகள் அனைத்தையும் ஒரே எடைக்கல்லால் சரிபார்ப்பது போன்றது இது. பியானோ இடம்பெறும் படைப்புகளில் மட்டும் பெரும்பாலும் பியானோவின் சுரமே அளவாகும், ஏனெனில் அதன் கம்பிகளை மேடையில் உடனே மாற்றியமைக்க இயலாது. சிதறிய ஒலிகள் ஒன்றுகூடும் அச்சிறு பொழுதுக்காகவே ரசிகர்கள் முன்கூட்டியே இருக்கையில் அமர்ந்துவிடலாம் என்பேன். அரங்கம் சூடேறும்போது காற்றுக்கருவிகளின் சுருதி ஏறும், நரம்புக்கருவிகளின் சுருதி இறங்கும். ஆகையால் இடைவேளைக்குப் பின் மீண்டும் சுருதி சேர்ப்பதை, முதலில் தவறாகச் சேர்த்ததன் அடையாளமாகக் கொள்வது சரியன்று.