பச்சை அடித்த 3 பரப்பு

கேள்வி: யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கு அண்மையில் 62 பரப்புத் தோட்டக்காணியொன்றை வீட்டுத் துண்டுகளாகப் பிரித்து விற்கிறார்கள். வீதிகளுக்கு 12 பரப்புப் போகிறதாம். கனடாவிலுள்ள அண்ணா காசு தருவார், ஒரு துண்டு வாங்க யோசிக்கிறோம். எனக்கு 5, 9, 14 வயதில் மூன்று பிள்ளைகள். தரகர் காட்டிய படத்தில் ஓரமாக 3 பரப்பைப் பச்சை அடித்து 'சிறுவர் விளையாட்டிடம்' என்று எழுதியிருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தோம். 36 அடி அகலம், 227 அடி நீளம், வெள்ளவாய்க்காலை ஒட்டிக் கிடக்கிறது. நடுவில் பழைய தோட்டக் கிணறு. இதை நம்பி முற்பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். காணி கூடாது என்று சொல்லவில்லை. அந்தப் பச்சையை நம்பிக் கொடுக்காதீர்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகளின்படி, ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டு பிரித்தால், வீதிகளைக் கழித்து வரும் நிலத்தில் 10 சதவீதத்துக்குக் குறையாமல் பொதுத் தேவைக்கும் பொழுதுபோக்குக்கும் ஒதுக்க வேண்டும். ஒரு ஹெக்டேயர் என்பது நம்முடைய கணக்கில் ஏறக்குறைய 39½ பரப்பு. உங்கள் காணி 62. வீதிக்குப் போன 12ஐக் கழித்தால் 50. அதில் பத்திலொன்று 5 பரப்பு. உங்களுக்குக் காட்டியது 3. மீதி 2 பரப்பு எங்கே என்று தரகரைக் கேளுங்கள். "அது வாய்க்கால் கரையோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தது" என்று சொன்னால், வாய்க்கால் கரையில் பிள்ளை விளையாடுமா என்று திருப்பிக் கேளுங்கள்.

சரி, அந்த 3 பரப்பாவது உதவுமா? பரப்பளவை மட்டும் பார்த்தால் உதவும். கரப்பந்தாட்டத் திடல் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். சுற்றிவர 3 மீற்றர் ஓட இடம் விட்டால் 24க்கு 15 மீற்றர், ஒன்றரைப் பரப்புக்கும் குறைவு. ஆனால் 15 மீற்றர் என்பது 49 அடி. உங்கள் கீலத்தின் அகலம் 36 அடி. கோட்டைக் கீறினால் பக்கத்துக்கு 3 அடிதான் மிஞ்சும். ஒரு பக்கம் பந்து வாய்க்காலுக்குள், மறுபக்கம் யாரோ ஒருவருடைய குசினி யன்னலுக்குள். முதல் மாதத்திலேயே சண்டை தொடங்கி, இரண்டாம் மாதம் வலைக்கம்பத்தைப் பிடுங்கிவிடுவார்கள். வீடு கட்ட முடியாத கீலத்தையும் பள்ளத்தையும் கடைசியில் பிள்ளைகளுக்கு ஒதுக்குவது இங்கே வழக்கமாகிவிட்டது. அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், உருவத்தை யாரும் பார்ப்பதில்லை. படத்தை அனுமதிக்கிறவர் மேசையை விட்டு எழுந்து ஒரு மாரிகாலத்துப் பின்னேரம் அந்த இடத்தில் போய் நின்று பார்த்தால், பாதிப் படங்கள் திரும்பி வந்துவிடும்.

இங்கிலாந்தில் பரவலாகப் பின்பற்றும் ஒரு வழிகாட்டி அளவு உண்டு. சின்னப் பிள்ளைகள் உபகரணங்களோடு விளையாடும் இடம் 400 சதுர மீற்றருக்குக் குறையக் கூடாது, வீடுகளிலிருந்து 20 மீற்றராவது தள்ளியிருக்க வேண்டும், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம் 400 மீற்றருக்குள் இருக்க வேண்டும். நமக்கு அது சட்டமில்லை. ஆனாலும் 400 சதுர மீற்றர் என்பது 1.6 பரப்புத்தான். சட்டப்படி வரவேண்டிய 5 பரப்பும் சதுரத்துக்குக் கிட்டிய ஒரே துண்டாக வந்தால், ஊஞ்சலுக்கும் சறுக்கிக்கும் ஒரு மூலை, கரப்பந்தாட்டத்துக்கு ஒரு திடல், நடுவில் இரண்டு பரப்பு வேம்பும் வெறும் மணலுமாக மிஞ்சும். அந்த வெறும் மணலைக் குறைவாக நினைக்காதீர்கள். உங்கள் 9 வயதுப் பிள்ளை தாச்சி மறித்து விளையாட அதுதான் இடம். அதில் இன்டர்லொக் கல் பதிக்க விடாதீர்கள். மதியத்தில் கால் சுடும். மழைத்தண்ணீரும் நிலத்துக்குள் இறங்காது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் நீரைத்தான் நாம் கிணற்றிலிருந்து அள்ளிக் குடிக்கிறோம்.

மூத்த பிள்ளைக்கு உதைபந்தாட்டமோ துடுப்பாட்டமோ உள்ளேயே கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 100க்கு 64 மீற்றர் உதைபந்தாட்டத் திடலுக்கே 25 பரப்பு வேண்டும். அதற்கு ஊர் விளையாட்டுக் கழகத்தின் மைதானந்தான். தரகர்மார் இதையே மறுபக்கமாகவும் பாவிப்பார்கள்: "துரையப்பா விளையாட்டரங்கு பத்து நிமிடம், உள்ளே எதற்கு மைதானம்?" என்பார்கள். பத்து நிமிடம் மோட்டார் சைக்கிளில். உங்கள் 5 வயதுப் பிள்ளை பலாலி வீதியைத் தனியே கடந்து போகுமா?

இனி, எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விடயம். 62 பரப்பையும் ஒரே படமாகப் பிரித்தார்களா, இரண்டு படமாகவா? 31, 31 என்று இரண்டாக்கினால் எந்தப் பாதியும் ஒரு ஹெக்டேயரைத் தாண்டாது, 10 சதவீதமும் கட்டாயமில்லாமல் போய்விடும். அப்படியானால் அந்தப் பச்சை சட்டப்படி ஒதுக்கியது அல்ல, விற்பதற்காக அடித்த நிறம். துண்டுகள் எல்லாம் போன பிறகு அதையும் இன்னொருவருக்கு விற்கலாம். நான் பார்த்த ஒரு திட்டத்தில் 'திறந்த வெளி' என்று எழுதியிருந்த இடத்தில் இப்போது இரண்டு மாடி வீடு நிற்கிறது. சுற்றியுள்ள வீட்டுக்காரர்களிடம் இருந்தது தரகர் கொடுத்த நிறப்படத்தின் பிரதி மட்டுமே. பிரதேச சபையில் கேட்டால் எங்கள் பெயரில் இல்லை என்றார்கள். காணிப் பதிவகத்தில் கேட்டால் கொண்டுவந்த காணி உறுதியைப் பதிந்தோம் என்றார்கள். உறுதி முடித்த நொத்தாரிசு, மைதானம் பார்ப்பது தன் வேலையில்லை என்றார். எல்லோரும் சொன்னது சரிதான், பிள்ளைகள் மட்டும் ஒழுங்கையில் ஓட்டோவுக்கு விலகி விலகி விளையாடுகிறார்கள்.

இரண்டு படம் என்றவுடன் ஏமாற்று என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். இதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் இது அடிக்கடி வருவது. தகப்பன் தன் தோட்டத்தை இரண்டு மகள்மாருக்குச் சரிபாதியாகச் சீதனம் எழுதியிருப்பார். மூத்தவருக்கு ஒரு வருடம், இளையவருக்கு ஏழெட்டு வருடம் கழித்து. இருவரும் வெளிநாட்டில் இருப்பார்கள், இன்று சேர்ந்து விற்கிறார்கள். அப்போது அவை உண்மையிலேயே இரண்டு காணிகள். ஒவ்வொன்றும் 31 பரப்பு, எந்தச் சகோதரியையும் 10 சதவீதம் விடு என்று சட்டம் கேட்காது, நீங்களும் குற்றம் சொல்ல முடியாது. எப்படிப் பிரித்தறிவது? உறுதிகளின் திகதியைப் பாருங்கள். சீதன உறுதி இருபது வருடத்துக்கு முந்தியது என்றால் உண்மை. இரண்டு பாதிக்கும் உறுதி போன வருடம் ஒரே நாளில், ஒரே நொத்தாரிசு முன் முடிந்திருந்தால், வெட்டுவதற்காகவே வெட்டியது. வீதியையும் பாருங்கள். தனித்தனிக் காணிக்குத் தனித்தனி வாசல் இருக்கும். ஒரு பாதியின் வீதி மறுபாதிக்குள் நுழையாமல் வெளியே போக முடியாது என்றால் அது ஒரே திட்டம். இருவருக்கும் அற்றோணித் தத்துவம் (அவர்களுக்காக விற்கும் அதிகாரப் பத்திரம்) ஒரே தரகரின் பெயரில் இருப்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. வெளிநாட்டிலிருக்கும் சகோதரிகள் ஒருவரையே நம்பிக் கொடுப்பது இயல்பு. ஆனால் உறுதித் திகதி, வீதி, அற்றோணி மூன்றும் ஒரே பக்கம் கை காட்டினால் சந்தேகப்படுங்கள். உண்மையான சீதனக் காணி என்றாலும் அந்தப் பச்சைக்குச் சட்டப் பிடிமானம் இல்லை என்பது மாறாது. சகோதரிகள் மனமுவந்து எழுதிக் கொடுத்தால் உண்டு.

ஆகவே இரண்டு கடதாசி வேண்டும். ஒன்று, பிரதேச சபையின் முத்திரையும் திகதியும் உள்ள அனுமதிக்கப்பட்ட உபபிரிவுப் படத்தின் பிரதி. தரகர் தொலைபேசியில் அனுப்பும் நிறப்படம் வேண்டாம். சபைக்கு நேரே போங்கள். காணி நகர அபிவிருத்தி அதிகார சபை பிரகடனம் செய்த எல்லைக்குள் வருகிறதா என்பதையும் அங்கேயே கேளுங்கள், மேலே சொன்ன விதி அந்த எல்லைக்குத்தான். "இன்று வாங்கோ, நாளைக்கு வாங்கோ" என்று இழுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். ஒரு படத்தைப் பார்க்க ஒரு தாய் இவ்வளவு அலைய வேண்டியிருப்பது வெட்கக்கேடு. ஆனாலும் அலையுங்கள்.

இரண்டாவது, அந்தத் துண்டு சபையின் பெயருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டதற்கான உறுதி. படத்தில் 'ஒதுக்கம்' என்ற சொல் இருப்பது போதாது. உங்கள் நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்யும்போது, நீங்கள் வாங்கும் துண்டோடு அந்த விளையாட்டிடத் துண்டையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். அது இன்னும் விற்பவர் பெயரிலேயே கிடந்தால், சபைக்கு எழுதிக் கொடுத்த பிறகே மீதிக் காசு என்று விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி போடச் சொல்லுங்கள். தரகர் "வேறு ஆள் நாளைக்கே காசோடு வருகிறார்" என்பார். எனக்குத் தெரிந்து அந்த ஆள் பல வருடமாக நாளைக்கே வருகிறார்.

இன்னும் நாலைந்து பேர் துண்டு பார்த்துப் போயிருப்பார்கள். அவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்ந்து கேளுங்கள். கீலத்தை விட்டு, திட்டத்தின் நடுவில், நாலு வீட்டு வாசலிலிருந்து கண்ணில் படும் இடத்தில், 50 அடிக்குக் குறையாத அகலத்தோடு ஒரு துண்டு. எல்லாம் விற்று முடிய முன்னர் கேட்டால் மாற்றித் தருவதற்கு விற்பவருக்கும் வழி இருக்கிறது. திடலின் நீளப்பக்கம் வடக்குத் தெற்காக வரட்டும், பின்னேர வெயில் கண்ணில் குத்தாது. ஊஞ்சலைத் தென்னைக்கும் பனைக்கும் கீழே கட்டாதீர்கள். சறுக்கிக்கும் ஊஞ்சலுக்கும் கீழே ஓரடி ஆழத்துக்கு மணல் கொட்டுங்கள்.

கிணறு. அதை மூடி நிரப்பச் சொல்லாதீர்கள், தண்ணீர் அது. நீங்கள் குடிவரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தோட்டக் கிணறுகளுக்குப் பெரும்பாலும் முழங்கால் உயரத்துக்கும் கட்டு இருப்பதில்லை, புல் வளர்ந்தால் விளிம்பே தெரியாது. காணி பார்க்க வரும் குடும்பங்களின் பிள்ளைகள் இப்போதே அங்கே ஓடித் திரிகிறார்கள். கட்டை பெரியவர் நெஞ்சளவுக்கு உயர்த்தி, பூட்டுப் போட்ட இரும்புக் கம்பிவலை போடும்படி விற்பவரிடம் இந்தக் கிழமையே எழுத்தில் கேளுங்கள். அதன் பிரதியொன்றைச் சபைக்கும் கொடுத்து, கிடைத்ததாகக் கையொப்பம் வாங்கி வையுங்கள்.